பதினாலாம் வீட்டுத் தீட்டு

கொலு வைத்த மூன்றாம் நாள் காலையில், கோலம் போடுவதற்காகக் காலனி ஹாலின் பூட்டைத் திறந்த லீலாவதி அக்கா, ஐந்தாம் படியில் இருந்த வளைகாப்புப் பொம்மைக்குப் பிள்ளை பிறந்திருப்பதைப் பார்த்தாள். பார்த்தவள் கத்தவில்லை, கோலப்பொடி டப்பாவைக் கீழே போடவில்லை. நாலு பெற்றவள், மூன்று மருமகள்களுக்குப் பேறுகாலம் பார்த்தவள் ஆகையால், முதலில் தாய் சுகமாக இருக்கிறாளா என்று குனிந்து பார்த்தாள், பிறகு ஈரக்காற்று பச்சை உடம்புக்கு ஆகாது என்று ஜன்னலை ஒருக்களித்துச் சாத்தினாள். முந்தின நாள் விளக்கு மலையேறும் வரைக்கும் பச்சைப்பட்டு உடுத்தி, வயிறு மேடிட்டு, வளையலுக்காக இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்திருந்த பொம்மை, இப்போது வயிறு தணிந்து, கைகளை மடக்கி, மடியில் நடுவிரல் நீளத்துக்கு ஒரு மண்பிள்ளையை ஏந்திக்கொண்டிருந்தது. வளையல் அடுக்க வந்த நாலு பெண்களும் சுற்றி நின்றபடியே நின்றார்கள். பிள்ளைக்கு வர்ணம் இல்லை, அப்போதுதான் பிசைந்து எடுத்த களிமண்ணின் நிறம், தொட்டால் விரலில் ஒட்டும் ஈரம்.

பாளையங்கோட்டைக்கு வெளியே, ஆற்றுக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் கிடக்கும் அந்த வாய்க்கால் காலனியில் யார் வீட்டிலும் தனியாகக் கொலு கிடையாது. வீடுகள் அப்படி, மூன்று படி வைத்தால் பாய் விரிக்க இடமிருக்காது, ஐந்து படி வைத்தால் வீட்டுக்காரர் வாசலில்தான் படுக்க வேண்டும். அதனால் வீட்டுக்கு ஒரு பொம்மை என்று ஹாலில் சேர்த்து வைத்து, ஒன்பது நாளும் முறை வைத்துச் சுண்டல் அவித்து, பாட்டுப் பாடி, பத்தாம் நாள் சாயங்காலம் ஒரு பொம்மையைப் படுக்க வைத்துத் தாலாட்டி, மறுநாள் எல்லாரையும் பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து ஹால் பரணில் ஏற்றிவிடுவார்கள். செட்டியார் கடை முதல் வீட்டுடையது, தசாவதாரம் ஒன்பதாம் வீடு, கீழே பார்க்கில் மேய்கிற ஆடுமாடுகள் நர்ஸ் ரோஸ்லின் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலில் இருந்து வருஷா வருஷம் இரவல் வந்து, டிசம்பருக்குள் பத்திரமாகத் திரும்பிப் போய்விடும். வளைகாப்பு செட் பதினாலாம் வீட்டுடையது.

காபி குடித்து முடிப்பதற்குள் காலனி முழுக்க வந்து எட்டிப்பார்த்துவிட்டது. வந்தவர்களில் ஒருவர்கூட இது எப்படி என்று கேட்கவில்லை. சுகப்பிரசவமா, என்ன பிள்ளை, தாய்க்குச் சூடாக ஏதாவது கொடுத்தீர்களா என்றுதான் கேட்டார்கள். டூட்டி முடிந்து யூனிபாரத்தோடு வந்த ரோஸ்லின், மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"எடை கொஞ்சம் கம்மிதான். ஆனா நல்லா இருக்கா. பொம்பளப் பிள்ள."

"தப்பு நம்ம மேலதான்," என்று லீலாவதி அக்கா தலையில் கை வைத்தாள். "வளைகாப்பு முடிஞ்சா அன்னைக்கே தாய் வீட்டுக்கு அனுப்பணும்லா? ஏழு வருசமா வளையலப் போட்டுப் போட்டு, வெத்தல பாக்கு வச்சு, அப்படியே சுத்திப் பரண்ல ஏத்திருக்கோம். ஒருத்திக்காவது தோணிச்சா? அவளும் எத்தன காலம் தாங்குவா? இருந்த எடத்துலயே பெத்துட்டா."

அதுதான் காரணம் என்று எல்லாருக்கும் பட்டது, காரணத்தைப் பற்றிய பேச்சு அத்தோடு முடிந்தது. முடியாத பேச்சு வேறு ஒன்று இருந்தது. பிள்ளை பிறந்தால் தீட்டு. தீட்டு என்றால் விளக்கேற்றக் கூடாது, கொலுவுக்குத் திரை போட வேண்டும், அம்பாளுக்கு நைவேத்தியம் கிடையாது. ஊற வைத்த கொண்டைக்கடலை அண்டாவில் கிடக்கிறது, நாலாம் நாளுக்கு மொச்சை வாங்கியாயிற்று, எட்டாம் நாளுக்குப் பாட்டு டீச்சரிடம் சொல்லியாயிற்று. லீலாவதி அக்காவின் வீட்டுக்காரரும் காலனியின் செயலாளருமான சிதம்பரம் சார், இது பொம்மைக்குப் பிறந்த பிள்ளை, பொம்மைகளுக்குத்தான் தீட்டு என்று ஒரு கட்சி கட்டினார். அப்படியென்றால் படியில் இருக்கிற அத்தனை சாமியும் ஒரே கொலு, ஒரே குடும்பம், அம்பாளுக்கே தீட்டு என்று பெண்கள் எதிர்க்கட்சி கட்டினார்கள். கடைசியில் வாய்க்கால் கரை அம்மன் கோயில் குருக்களுக்குப் போன் போட்டு, எல்லாரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார்கள். குருக்கள் நெடுநேரம் யோசிக்கவில்லை.

"பிள்ளைத் தீட்டு பங்காளிக்குத்தானே ஒழிய ஊருக்குக் கிடையாது. பொம்மை யார் வீட்டுப் பொம்மை? அந்த வீட்டுக்காராளுக்குத்தான் தீட்டு. மத்தவா தாராளமா விளக்கேத்தலாம். தாயையும் பிள்ளையையும் மத்தவா தொடப்படாது, தொட்டா ஸ்நானம். வச்ச பொம்மையை இடம் மாத்தவும் படாது. பதினோராம் நாள் நான் வந்து தீட்டுக் கழியப் புண்ணியாவாசனம் பண்ணிடறேன்."

போனை வைத்த பிறகுதான் அது யார் வீடு என்று எல்லாருக்கும் உறைத்தது. பதினாலாம் வீடு என்றால் வடிவு வீடு. சண்முகவடிவு வீட்டுக் கதவைத் தட்டி, உன் வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது என்று சொல்வது யார்?

வடிவு அப்போது மிஷினில் உட்கார்ந்து யாருக்கோ ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். காலனியில் எல்லாருக்கும் அவள் கைத் தையல்தான். வயிற்றில் இருக்கும்போது லூசாகவும், பெற்ற பிறகு முன்பக்கம் ஊக்கு வைத்தும், எவள் எந்த மாதத்தில் எப்படி இருப்பாள் என்று அளவெடுக்காமலே அவளுக்குத் தெரியும். ஆனால் எந்த வளைகாப்புக்கும் போக மாட்டாள், தொட்டில் போடுகிற வீட்டுக்குப் போக மாட்டாள், நவராத்திரியில் ஹால் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டாள், மல்லிகைப்பூவை யாராவது நீட்டினால் தலைவலிக்கிறது என்பாள்.

ஏழு வருஷத்துக்கு முன்னால், காலனிக்குக் குடிவந்த புதிதில், வீட்டுக்கு ஒரு பொம்மை என்று லீலாவதி அக்கா கேட்டதற்கு, வடிவுக்கே அப்போது வயிற்றில் பிள்ளை இருந்ததால், அவள் வீட்டுக்காரன் மாசானம் டவுணுக்குப் போய் இந்த வளைகாப்பு செட்டைத்தான் ஆசையாகத் தேடி வாங்கிவந்தான். கொலு முடிவதற்குள் அவளுக்கு வலி கண்டது. பிள்ளை மூச்சு விடவில்லை. மயக்கம் தெளிந்து அவள் கேட்டபோது, பார்க்க வேண்டாம், பார்த்தால் மறக்காது என்றார்கள், மாசானம் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்றார்கள். பார்க்காததுதான் மறக்கவில்லை. மூச்சு விடாத பிள்ளைக்குத் தீட்டு கிடையாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் போதும் என்று பெரியவர்கள் சொல்ல, வீட்டுக்கு வந்த கையோடு தண்ணீர் ஊற்றி, விளக்கேற்றச் சொல்லி, சுரந்த பாலை வற்ற வைக்க மார்பில் மல்லிகைப்பூவை வைத்து இறுக்கிக் கட்டினார்கள். காலனியிலிருந்து பிள்ளை பார்க்கவும் யாரும் வரவில்லை, சாவுக்குத் துஷ்டி கேட்கவும் வரவில்லை; எதற்கு வருவது என்று தெரியாததால் ஒருவரும் வரவில்லை. பத்து மாதம் சுமந்ததற்கு ஒரு தீட்டுகூட மிச்சமில்லை என்று அவள் மிஷின் சத்தத்துக்குள் அழுதது யாருக்கும் கேட்கவில்லை.

"ஏ வடிவு, கதவத் தொறட்டி."

கதவைத் திறந்தாள். லீலாவதி அக்காவும் ரோஸ்லினும் நின்றார்கள், அவர்களுக்குப் பின்னால் காலனியே கொஞ்சம் தள்ளி நின்றது. எதற்கும் முந்திக்கொள்ளும் லீலாவதி அக்கா அன்றைக்கு ரோஸ்லினை முன்னால் தள்ளிவிட்டாள். ரோஸ்லின்தான் சொன்னாள்.

"உங்க வீட்டுல பிள்ள பொறந்திருக்கு வடிவு. கொலுவுல. பொம்பளப் பிள்ள."

"கோவிச்சுக்காதட்டி," என்று லீலாவதி அக்கா அவசரமாகத் தொடர்ந்தாள். "குருக்களே சொல்லிட்டாரு. உங்க வீட்டுக்குத் தீட்டு. பதினோராம் நாள்தான் கழியும்."

"யாருக்கு?"

"உனக்கும் உன் வீட்டுக்காரனுக்கும்."

"எங்களுக்கா? எங்களுக்கா தீட்டு?"

"ஆமாட்டி. பிள்ளத் தீட்டு."

வடிவு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதலில் சிரித்தாள், அந்தச் சிரிப்பு பாதியிலேயே அழுகையாகி, அழுதபடியே குளியலறைக்குப் போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, சொட்டச் சொட்ட வந்து, "எங்க இருக்கா? என்னக் கூட்டிட்டுப் போங்க," என்றாள். தீட்டு என்று சொல்லப் போன இடத்தில் ஒருத்திக்குச் சந்தோஷம் வந்ததை லீலாவதி அக்கா தன் ஆயுசில் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

சட்டம் என்று வந்தால் அதை நடத்திக் காட்டுவதில் அந்தக் காலனியை மிஞ்ச முடியாது. தீட்டுக்காரியைத் தவிர வேறு யாரும் தாயையும் பிள்ளையையும் தொடக் கூடாது; தொட்டுப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் பேறுகாரியை விடவும் கூடாது; பொம்மையை இடம் மாற்றவும் கூடாது. ஆகவே ஐந்தாம் படியின் ஓரத்தை வளைத்து ஒரு பழைய நூல்சேலையைக் குறுக்கே கட்டி, பக்கவாசல் வழியாக வடிவு வந்து போக ஏற்பாடு செய்து, சேலைக்கு அந்தப் பக்கம் பேறுகால வீடு, இந்தப் பக்கம் கொலு என்று வகுத்துவிட்டார்கள். இந்தப் பக்கம் விளக்கெரிந்தது, சுண்டல் வந்தது, குங்குமம் கொடுத்தார்கள். அந்தப் பக்கம் ஒரு முக்காலியில் வடிவு உட்கார்ந்து, ஈரத் துணியின் முனையால் பிள்ளையின் உடம்பை ஒற்றி, பூச்சி பறந்தால் விசிறி, பிள்ளை தாயின் மடியில் சரிந்தால் ஒரு விரலால் நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த நாட்களில் காலனிக்குள் வந்தவர்கள் வாசலிலேயே மோட்டார் பைக்கை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு போனார்கள். ரேடியோக்களின் தொண்டை இறங்கியது, மீன்காரர் கூவாமல் வீடுவீடாக வந்து கதவோரம் நின்று சொன்னார். பாட்டு டீச்சர் உச்ச ஸ்தாயியில் எடுக்கவேண்டிய பாட்டைப் பிள்ளை முழித்துக்கொள்ளும் என்று கீழேயே பாடி இறக்கினாள், அப்படிப் பாடியதுதான் நன்றாக இருந்ததென்று எல்லாரும் சொன்னார்கள். பிள்ளை பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வரக் கூடாதல்லவா, ஒருத்தி சுக்கும் கருப்பட்டியும் இடித்துக்கொண்டு வந்தாள், ஒருத்தி பூண்டுக் குழம்பும், இன்னொருத்தி நல்லெண்ணெய் மிதக்க மிதக்கப் பிரசவ லேகியமும் கொண்டுவந்து சேலைக்குக் கீழே தள்ளினார்கள். பொம்மைக்கு முன்னால் ஒரு பொழுது வைத்துவிட்டு, தாய் சாப்பிட்டது போக மீதி உனக்குத்தான், பச்சை உடம்புக்காரி நீயும் சாப்பிடு என்று வடிவைச் சாப்பிட வைத்தார்கள். ஏழு வருஷத்துப் பத்தியத்தை அவள் அந்த ஒரு வாரத்தில் சாப்பிட்டாள்.

ஒரே ஒரு குறை இருந்தது. பிள்ளைக்கு முகம் இல்லை. கை இருந்தது, கால் இருந்தது, விரல்கள்கூடப் பிரிந்திருந்தன. அரைநெல்லிக்காய் அளவில் தலையும் இருந்தது, முகம் இருக்கவேண்டிய இடம் மட்டும் வழவழவென்று வெறும் மண்ணாக இருந்தது. சேலைக்கு மேலாக எட்டிப்பார்க்கிறவர்கள் வழக்கம்போல யார் சாடை என்று சொல்ல வாயெடுத்து, சொல்ல ஒன்றும் இல்லாமல், பிறந்த பிள்ளைக்கு முகம் நாளுக்கு நாள்தானே தெளியும் என்று சமாளித்துக்கொண்டார்கள். நாள் போயிற்று, முகம் வரவில்லை, மண்ணும் காயவில்லை. ராத்திரி வீட்டுக்குப் போனால் வடிவுக்கு அந்த வெறும் முகமே நினைப்பாக இருந்தது. ஏழு வருஷமாகக் கண்ணை மூடினால் அவளுக்கு வருகிற முகமும் அதேதான்.

பெற்ற தகப்பன் என்று சொல்லத்தக்க மாசானமோ ஹால் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவன் பாபநாசம் பஸ்ஸுக்கு டிரைவர், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ஜாதி. அவனோடு ஓடும் கண்டக்டர் பிச்சையாதான் ஒரு நாள் பிள்ளை பார்க்க வந்து, சேலைக்கு இந்தப் பக்கம் நின்று, கையில் சுண்டலை வைத்துக்கொண்டு, பெண்களுக்கு எல்லாக் கதையும் சொன்னார்.

"டிரைவருக்குப் பொம்பளப் பிள்ளன்னு வண்டி முழுக்க சீனி குடுத்தேன் தாயி. ஒரு ஆளு வேண்டாம்னு சொல்லல. இவன் மட்டும் ஒரு பேச்சு பேசல. அந்த ஆத்து வளைவுல எப்பவும் போல ஹாரன் அடிச்சான், அவ்வளவுதான்."

"எந்த வளைவுல?" என்று சேலைக்குப் பின்னாலிருந்து வடிவின் குரல் கேட்டது.

"அவன் ஊரு தாண்டினதும், மருத மரம் நிக்குல்லா, அங்கதான். அங்க மாடும் கெடையாது, மனுசனும் கெடையாது. எதுக்குடே அடிக்கேன்னா சொல்ல மாட்டான். போகையில ஒண்ணு, வரையில ஒண்ணு. வருசக்கணக்கா அடிக்கான்."

அன்றைக்குச் சாயங்காலம் சோறு போடும்போது வடிவு கேட்டாள். "ஒரு எட்டு வந்து பாருங்களேன்."

"டூட்டி இருக்கு."

"அவளுக்கு மொகம் வரல. பாத்தது நீங்க ஒருத்தர்தான். நான் பாக்கல."

மாசானம் பாதிச் சோற்றில் கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனான். அவளுக்குக் கோபம் வந்தது, அழுகை வந்தது, இரண்டையும் தட்டோடு எடுத்துப்போய்க் கழுவி வைத்தாள்.

விஜயதசமி வந்தது. மறுநாள் காலையில் ஹாலில் சொட்டு மருந்து முகாம்; ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் வருவார்கள், படிகளைக் கலைத்து இடம் விட்டே ஆகவேண்டும். மத்தியானம் லீலாவதி அக்கா பழைய வேட்டிகளையும் பெட்டியையும் இறக்கி வைத்துவிட்டுச் சேலையருகே வந்தாள்.

"வடிவு, ஈரம் காயவே இல்லியேட்டி. இப்படியே சுத்தினா துணியோட ஒட்டி உருக்கொலைஞ்சு போவும்."

"அப்ப இங்கயே இருக்கட்டும்."

"முகாம் இருக்கே."

"முகாமுக்குத்தான் பிள்ளைய வெளிய எடுக்கணுமா? சொட்டு மருந்து இவளுக்கும் ஊத்தலாம்," என்றாள் ரோஸ்லின். யாரும் சிரிக்கவில்லை, அவளும் சிரிக்கச் சொல்லவில்லை.

சிதம்பரம் சார் தொண்டையைச் செருமினார். வர்ணக்காரர் ஒருவரைக் கூப்பிட்டு, நல்லதாக ஒரு முகத்தை எழுதச் சொல்லி, வெயிலில் காய வைத்து எடுத்துவிட்டால் என்ன என்று கேட்டார்.

வடிவு சேலையை விலக்கிக்கொண்டு எழுந்து நின்றாள்.

"எவனோ எழுதின மொகம் இவளுக்கு வேண்டாம் சார். மொகம் தெரியாம இவளப் பெட்டிக்குள்ள வைக்கவும் விட மாட்டேன். ஒரு தடவ விட்டாச்சு."

அவள் எந்தத் தடவையைச் சொல்கிறாள் என்று அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரிந்தது, ஏழு வருஷமாகத் தெரியாததுபோல இருந்ததும் அவரவருக்குத் தெரிந்தது. லீலாவதி அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கையிலிருந்த வேட்டியை அப்படியே போட்டுவிட்டு, பிச்சையாவின் நம்பருக்குப் போன் போட்டாள்.

"எங்க வே இருக்கிய? மாசானத்தக் கூட்டிட்டு நேரா காலனிக்கு வாரும். அந்தப் பிள்ளைய நாங்க யாரும் தொட முடியாது, தீட்டு. தொடுறதுக்கு உரிமைப்பட்டவன் இன்னும் ஒருத்தன் இருக்கான். வரமாட்டேன்னான்னா நான் வாரேன்னு சொல்லும்."

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஸ்டாண்டுக்குப் போகவேண்டிய பாபநாசம் பஸ் வாய்க்கால் ரோட்டில் திரும்பி, பயணிகளோடு காலனி வாசலில் வந்து, மெல்ல மூச்சுவிட்டு நின்றது. பஸ்ஸில் இருந்தவர்கள் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. பிள்ளை பார்க்கப் போகும் வண்டி என்று பிச்சையா டிக்கெட் கொடுக்கும்போதே சொல்லியிருந்தார். இறங்கி, கால் கழுவி, ஹாலின் ஓரமாக உட்கார்ந்து, ஆளுக்கொரு பொட்டலம் சுண்டல் வாங்கிக்கொண்டார்கள். மாசானம் காக்கிச் சட்டையோடு சேலைக்கு இந்தப் பக்கம் வந்து நின்றான். வடிவு சேலையைத் தூக்கிப் பிடித்தாள். அவன் குனிந்து உள்ளே போனான்.

சேலைக்கு அந்தப் பக்கம் நடந்ததை யாரும் பார்க்கவில்லை, எல்லாரும் கேட்டார்கள், கேட்காததுபோல ஒருவரும் நடிக்கவில்லை.

வடிவு பிள்ளையை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன அந்தக் கைக்குள் பிள்ளை முழுசாக அடங்கியது. நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"நெத்தி இப்படி இல்ல," என்றான் கடைசியில். "கொஞ்சம் எடுப்பா இருந்துச்சு."

கோலம் போடும் மூலையில் கிடந்த விளக்குமாற்றிலிருந்து வடிவு ஒரு ஈர்க்குச்சியை உருவிக் கொடுத்தாள். அவன் பெருவிரலால் நெற்றியை மெல்ல ஏற்றினான். ஈர்க்கின் நுனியால் புருவம் இருந்த இடத்தைத் தொட்டான். அவனுக்கு அந்த வேலை தெரியாது. ஆனால் ஒரு முகம் தெரியும், அதைத் தவிர வேறு எதையும் அவன் கை போடவில்லை.

"மூக்கு ஒன் மூக்கு. நுனியில கொஞ்சம் செவந்திருந்துச்சு. வாயி சின்னது, சொப்பு வாயி. கீழ் உதட்டுல நடுவுல ஒரு கோடு." அவன் சொல்லச் சொல்ல அது வந்தது. "எடது காது மடல் லேசா மடங்கி இருந்துச்சு."

"எங்கப்பாவுக்கு அப்படித்தான்," என்றாள் வடிவு. சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கண்ணு மூடித்தான் இருந்துச்சு வடிவு. எப்படி வைக்க?"

"நீங்க பாத்தபடியே வைங்க."

இரண்டு சின்னக் கோடு போட்டான். ஈர்க்கை எடுத்ததும், ஏழெட்டு நாளாகக் காயாத மண் நெற்றியிலிருந்து தொடங்கி, கழுத்து, கை, கால் என்று மெல்ல வெளுத்துக் காய்ந்து இறுகியது. வடிவு பார்த்தாள். ஆசை தீரப் பார்த்தாள். பார்த்தால் மறக்காது என்று சொன்னவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள், இனி அவளால் மறக்க முடியாது, அதற்காகத்தானே அவள் இத்தனை வருஷமும் தவித்தாள்.

"பேரு வைக்கணுமே," என்றாள்.

"வச்சாச்சு."

"எப்ப?"

"அன்னைக்கே. பேரு சொல்லாம எப்படி மண்ணுக்குள்ள வைக்க? எங்க ஊரு ஆத்தங்கரையில, மருத மரத்தடியில. உலகம்மைன்னு மூணு தடவ கூப்பிட்டுட்டுத்தான் வச்சேன். இப்பவும் போகையில வரையில கூப்பிட்டுட்டுத்தான் போறேன்."

வடிவு ஓங்கி அவன் நெஞ்சில் ஒரு அடி அடித்தாள். "எனக்குச் சொல்லலியே! ஏழு வருசம் எனக்குச் சொல்லலியே!"

"நான் மறக்கல. நீயாவது மறக்கட்டும்னு இருந்தேன்," என்று சொல்லி அவன் காக்கிச் சட்டைக் கையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். அடித்த கையாலேயே அவள் அவன் தலையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு இருவருமாகப் பிள்ளையின் மடங்கிய காதில், ஒருவர் மாற்றி ஒருவர், அந்தப் பெயரைச் சொன்னார்கள்.

வழக்கமாகப் பத்தாம் நாள் மரப்பாச்சியைத்தான் படுக்க வைப்பார்கள். அன்றைக்கு யாரும் மரப்பாச்சியைத் தேடவில்லை. பதினோராம் நாள் இன்னும் ஆகவில்லையே, குருக்களைக் கேட்க வேண்டாமா என்று சிதம்பரம் சார் இழுத்தார்.

"கேட்டாத்தான சொல்லுவாரு," என்று சொல்லிவிட்டு, சட்டத்துக்குப் பெயர்போன லீலாவதி அக்கா தன் கையாலேயே நடுச்சேலையை அவிழ்த்தாள். அவிழ்த்த சேலையை மடித்து மெத்தையாக்கித் தாயையும் பிள்ளையையும் அதன்மேல் கிடத்தினார்கள். வடிவு தாலாட்டினாள், பாட்டு என்று பெரிதாக ஒன்றும் இல்லை, ஆராரோ ஆரிரரோ என்பதும், உலகம்மை என்பதும், நெற்றி எடுப்பு, மூக்கு சிவப்பு, காது மடக்கு என்று அப்போதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டதும், அவ்வளவுதான் அந்தப் பாட்டில் இருந்தது. காலனிக்காரர்களும் அம்பாசமுத்திரத்திலிருந்தும் கல்லிடைக்குறிச்சியிலிருந்தும் ஏறிய பயணிகளும் அடிக்குரலில் கூடச் சேர்ந்துகொண்டார்கள். லீலாவதி அக்கா ஒரு முழம் மல்லிகைப்பூவை எடுத்துவந்து, கேட்கப் பயந்து, கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். வடிவு பாடிக்கொண்டே தலையைத் திருப்பிக் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் முகாமுக்கு முதல் பிள்ளை வருவதற்குள் வடிவு தன் பொம்மைகளைத் தானே சுற்றினாள். பச்சை உடம்புக்குப் பழைய வேட்டிதான் நல்லது என்று மாசானத்தின் வேட்டி ஒன்றைத் துவைத்துக் கிழித்து வைத்திருந்தாள். வளையல்காரப் பெண்களைத் தனித்தனியாகவும், தாயையும் பிள்ளையையும் ஒரே துணியிலும் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். லீலாவதி அக்கா அடையாளச் சீட்டில், பதினாலாம் வீடு, வளைகாப்பு செட், ஐந்து பொம்மை என்று பழக்கத்தில் எழுதினாள்.

"ஆறுக்கா."

"ஆமாட்டி, ஆறுல்லா," என்று அடித்துத் திருத்தினாள்.

"பேரும் எழுதுங்க."

எழுதினாள். பரணில் ஏற்றும்போது, அடுத்த புரட்டாசிக்கு எடுத்து விடலாம், பாத்துக்க, என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். பிறகு வடிவு வீட்டைப் பூட்டிச் சாவியை ரோஸ்லினிடம் கொடுத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் போய், பாபநாசம் வண்டியில் டிரைவருக்குப் பின்னால் உள்ள சீட்டில் உட்கார்ந்தாள். பிச்சையா அவளிடம் டிக்கெட்டும் கேட்கவில்லை, எங்கே போகிறாய் என்றும் கேட்கவில்லை.

வண்டி வயல்களைத் தாண்டி, வாழைத்தோப்பைத் தாண்டி, மாசானத்தின் ஊரையும் தாண்டியது. ஆறு பக்கத்தில் வந்தது. தூரத்தில் மருத மரம் தெரிந்தது. மாசானம் கியரைக் குறைத்து, வழக்கம்போல ஹாரன்மேல் கையை வைத்தான். வடிவு முன்னால் சாய்ந்து அவன் தோளைத் தொட்டாள்.

"அடிக்காதீங்க. பிள்ள தூங்குறா."

அவன் கையை எடுத்துக்கொண்டான். பஸ் சத்தம் காட்டாமல் அந்த வளைவில் மெல்லத் திரும்பியது.